இலக்கு என்றால் எத்தனை பீஸ்?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் 45 பேர் வேலை பார்க்கிறார்கள். முதலாளி, தொழிலாளி என்ற பேதமே கிடையாது, எல்லோரும் ஒரே குடும்பம். பணியாளர்களின் சொந்த இலக்கு, தொழில் இலக்கு இரண்டுக்கும் துணை நிற்கும் இடமாகக் கடையை மாற்ற ஆசை. வெளியிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து வகுப்பு வைக்கலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு

பதில்: ‘ஒரே குடும்பம்’ என்று எழுதுவதற்கு முன் உங்கள் வக்கீலைக் கேட்டீர்களா? தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று 1989லேயே சட்டம் வந்தாயிற்று. சேலைப் பிரிவில் நிற்கிற இருபது பெண்களும் நாளைக் காலையில் பாகப்பிரிவினைக்கு வந்து நின்றால் கல்லாப்பெட்டி யாருக்கு, ஏசி யாருக்கு, மூன்று வருஷமாக விலைபோகாத அந்தப் பாசிப்பச்சை சுடிதார் கட்டு யார் தலையில் என்று பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும். தவிர, எந்தக் குடும்பத்தில் பத்து நிமிஷம் தாமதமாக எழுந்த மாப்பிள்ளைக்கு அரைநாள் சம்பளம் பிடிக்கிறார்கள்? மாமனார் சாப்பிடப் போகும்போது கைரேகை வைக்கிறாரா? ஊருக்குக் கிளம்பும் அத்தையின் கைப்பையை வாசலில் திறந்து பார்க்கிறார்களா? (பார்க்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் கேள்வியை வேறு பகுதிக்கு அனுப்புகிறார்கள்.) கடையில் ‘குடும்பம்’ என்ற சொல் பெரும்பாலும் எப்போது வாயில் வருகிறது என்று கவனியுங்கள். ஓவர்டைமுக்குக் காசு கேட்கும்போது வரும். தீபாவளி முடிந்து லீவு கேட்கும்போது வராது.

அடுத்தது ‘இலக்கு’. உங்கள் சேலைப் பிரிவில் இருப்பவரிடம் “உன் இலக்கு என்னம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். “இன்னைக்கு முப்பது பீஸ் சார்” என்பார். அவருக்கு அந்தச் சொல்லை அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதே வாயால் “அதில்லம்மா, உன் வாழ்க்கை இலக்கு” என்று கேட்டால், ஏதோ கணக்கில் உதைக்கிறது என்று பயந்துவிடுவார்.

பயப்படவும் நியாயம் இருக்கிறது. “பி.எட். முடிச்சுட்டு டீச்சராகணும் சார்” என்று வெள்ளந்தியாகச் சொன்னவருக்கு அடுத்த ஏப்ரலில் என்ன நடக்கும்? ‘இது எப்படியும் போகப்போகிற ஆள்’ என்று சூப்பர்வைசர் மனதில் குறித்துக்கொள்வார், சம்பள உயர்வு பக்கத்து ஆளுக்குப் போகும். அடுத்த வருஷம் அந்தக் கடையில் ஒருவருக்கும் இலக்கே இருக்காது. எல்லோரும் “இங்கேயே இருக்கணும் சார், அதுதான் ஆசை” என்பார்கள். பேச்சாளர் வகுப்பில் கையைத் தூக்கச் சொன்னாலும் இதே கதைதான். அந்தப் பேச்சாளர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய கணக்கு உண்டு, இன்று வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லலாம்: பகல் முழுக்க நின்றுவிட்டு, கடை மூடிய பிறகு ஒன்றரை மணி நேரம் ‘எழுந்து நில்’ என்று கேட்பது யாருக்கும் கஷ்டம்.

கனவைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் ஆளுக்கு ஒரு தாள். மூன்றே கேள்வி. அடுத்த ஆறு மாதத்தில் எந்தெந்த நாள் கட்டாயம் வேண்டும்: தொலைநிலைக் கல்விப் பரீட்சை, குரூப் 4, ஊர்த் திருவிழா, தங்கை வளைகாப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம். கடையில் எந்த வேலையைக் கற்றுக்கொள்ள விருப்பம்: பில்லிங், ஸ்டாக், கொள்முதல். மூன்றாவது, எந்த மாதம் பணமுடை வரும், எவ்வளவு. இந்த மூன்றாவதை மட்டும் தனியாகக் கிழித்து உங்கள் கையில் கொடுக்கட்டும், சூப்பர்வைசர் கண்ணில் படக்கூடாது. தேதி கேட்டால் பொய் சொல்ல அவசியம் இல்லை. எதற்கு என்ற காரணத்தையும் எழுதச் சொல்லாதீர்கள்.

தேதி வாங்கியாயிற்று, கொடுப்பது எப்படி? காலை 9.30 முதல் இரவு 9.30 வரை கடை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அதன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைமும் சேர்த்தால்கூட நாளுக்கு 10, வாரத்துக்கு 54க்கு மேல் போகக்கூடாது, அதற்கு இரட்டைச் சம்பளம். நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை என்றால் நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு. ஆகவே இரண்டு ஷிப்ட்: 9.30 முதல் 6.30, 12.30 முதல் 9.30. பாதிப் பாதியாகப் பிரிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. மத்தியானம் மூன்று மணிக்கு ஈ ஓட்ட நாற்பது பேர், கூட்டம் வருகிற ஏழு மணிக்கு இருபது பேர் என்று ஆகிவிடும். காலையில் மூன்றில் ஒரு பங்கு, மதியத்தில் மீதி என்று வையுங்கள். யார் காலை, யார் மதியம் என்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாறட்டும்.

வார விடுமுறையில் இன்னொரு சிக்கல். ஞாயிறு வியாபாரம் பெரிது என்று 45 பேருக்கும் வாரநாளிலேயே விடுமுறை கொடுத்தால், பிள்ளைக்குப் பள்ளி இல்லாத நாளில் அம்மா கடையில், அம்மாவுக்கு விடுமுறை நாளில் பிள்ளை பள்ளியில். ஞாயிற்றுக்கு 11 பேர் வீதம் விட்டால் நாலு வாரத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் மாதம் ஒரு ஞாயிறு கிடைக்கும். அன்று 34 பேர் இருப்பார்கள், தாங்கும். மீதி 34 பேரின் விடுமுறையைத் திங்கள் முதல் வெள்ளி வரை பிரித்தால் நாளுக்கு ஏழு பேர்தான். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்துக்கும் இந்த ஞாயிறு முறை செல்லாது. அதை ஜனவரியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், யாரும் அந்த நாளில் நிச்சயதார்த்தம் வைக்க மாட்டார்கள்.

அடுத்த மாத டியூட்டி சார்ட் 20ஆம் தேதிக்குள் சுவரில் இருக்க வேண்டும். இரண்டு பேர் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் இருவரும் கையெழுத்துப் போடட்டும். சார்ட் கெட்டுப்போவது சுவரில் இல்லை, இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்பில். ‘நாளை காலையிலேயே வந்துடும்மா’ என்ற ஒரு வரி பதினைந்து நாள் திட்டத்தைக் காலி செய்யும். 48 மணி நேரத்துக்குள் மாற்றினால் கடை அதற்குத் தனியாகக் காசு கொடுக்கும் என்று எழுதி வைத்துப் பாருங்கள், அந்த வரி தானாகக் குறையும்.

பிறகு, மடிப்பு. ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கும்போது மேஜை மேல் அறுபது எழுபது சேலை பிரித்துப்போட்டபடி கிடக்கும். முந்தானை வெளியே தெரியும்படி மடித்து, அட்டை செருகி, கவரில் போட்டு, நிறவாரியாக அடுக்க முக்கால் மணி நேரம். கடைசி பஸ் இதற்குள் போய்விடும். ‘கடைதான் மூடியாச்சே’ என்று அதை ஒருவரும் வேலைக்கணக்கில் எழுதுவதில்லை. சட்டப்படி அதுவும் வேலை நேரம்தான். வழி சுலபம்: ஆறு மணி வரை பிரித்ததைக் காலை ஷிப்ட் மடித்துவிட்டுத்தான் போக வேண்டும், அதற்கு 6 முதல் 6.30 வரை அவர்களைக் கவுண்டருக்குக் கூப்பிடக்கூடாது. ஒன்பது மணிக்கு மேல் பிரித்தது மறுநாள் காலை 9.30க்கு. இரவில் வெறுமனே ஒரு துணியைப் போட்டு மூடினால் போதும், சேலை ஓடிப்போகாது.

பணமுடைக்கு: ஜூனில் பள்ளிக் கட்டணம், நகை மீட்பு. முன்பணம் 30,000 என்றால் மாதம் 3,000 வீதம் பத்துத் தவணை, இரண்டு பிரதி, ஒன்று அவரிடம். தீபாவளி போனஸில் கழிக்காதீர்கள். 8.33 சதவீதம் அவருக்குச் சட்டப்படி சேர வேண்டியது, கடனோடு கலந்தால் இரண்டும் குழம்பும். முன்பணம் கொடுத்து ‘அடைத்துவிட்டுப் போ’ என்று ஆளைக் கட்டிப்போடுவது 1976லேயே குற்றம். சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தால் இன்று மாலையே திருப்பிக் கொடுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப்., பெண்களின் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு எல்லாம் 45 பேர் கடைக்குக் கட்டாயம். அவற்றை ‘நலத்திட்டம்’ என்று போர்டு எழுதி மாட்டாதீர்கள்.

தொழில் இலக்கா? ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நோட்டு. வாடிக்கையாளர் கேட்டு நம்மிடம் இல்லாதது என்ன, எந்த நிறம், எந்த விலை என்று எழுதுகிறவர் யாரோ அவர்தான் உங்கள் அடுத்த கொள்முதல் ஆள். அவரைச் சேலை நெய்கிற இளம்பிள்ளை ஊருக்கும் சூரத்துக்கும் அழைத்துப் போங்கள். அந்தப் பாசிப்பச்சைக் கட்டு கடைக்கு வந்த அன்றே “இது ஓடாது சார்” என்று அவர் சொல்லியிருப்பார். நீங்கள் கேட்கவில்லை.

இத்தனையும் ஒரே நாளில் முடியாது என்பீர்கள். ஒரே நாளில் முடிகிற ஒன்று இருக்கிறது: ஸ்டூல். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப்பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடி, 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. இங்கே 2021இல் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவு வந்தது: எல்லாப் பணியாளருக்கும் இருக்கை. வந்தும் என்ன? ஸ்டூல் இருக்கும், பீரோவுக்குப் பின்னால், மேலே ஹேங்கர் கட்டு வைத்தபடி. உட்கார்ந்தவரை சிசிடிவியில் பார்த்து மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் பழைய ஜவுளிக்கடையில் விற்கிறவர், வாங்குகிறவர் எல்லோரும் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்துதான் பேரம் பேசினார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் இன்றும் அப்படிப் பார்க்கலாம். கண்ணாடிக் கவுண்டர் வந்தது, விற்கிறவர் எழுந்தவர் எழுந்தவர்தான்.

கவுண்டர் 36 அங்குல உயரம் என்றால் ஸ்டூல் 24 முதல் 26 அங்குலம். வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூல் 18 அங்குலம்தான், உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்குத் தலை மட்டும் தெரியும், அதனாலேயே யாரும் உட்கார மாட்டார்கள். கால் வைக்க நடுவில் ஒரு கம்பி வேண்டும், இல்லையென்றால் தொடை மரத்துப்போகும். மேடுபள்ளத் தரையானால் முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும், மூன்று புள்ளிக்கு எப்போதும் ஒரு தளம் உண்டு. ஆனால் மேலடுக்கு எடுக்க எட்டுகிற அவசரத்தில் முக்காலியின் ஓரத்தில் பாரம் விழுந்தால் கவிழ்ந்துவிடும். ஆகவே நாலு காலே வாங்குங்கள், அடியில் ரப்பர் புஷ் போட்டு. ஆறு மாதத்தில் புஷ் தேயும், தேய்ந்ததும் டைல்ஸில் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்காக ஸ்டூலை மறுபடி பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிடாதீர்கள், புஷ்ஷை மாற்றுங்கள்.