ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெருநாய்களிடம் கவனமாக இருக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

"நாயைப் பார்த்தா ஓடாதே" என்று சொன்னால் மட்டும் போதாது. பயந்துபோன பிள்ளை ஓடத்தான் செய்யும், ஓடினால் நாய் துரத்தத்தான் செய்யும். ஓடாமல் என்ன செய்வது என்பதை உடம்புக்குப் பழக்க வேண்டும். தினமும் இரண்டு நிமிடம், நீங்கள் நாயாக வாருங்கள், பிள்ளை நடித்துக் காட்டட்டும்.

நாய் கிட்ட வந்தால் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் கோத்து வயிற்றோடு ஒட்டி வைத்து, தன் கால் விரல்களையே பார்க்க வேண்டும். கத்தவோ கையை உதறவோ கூடாது. கையில் தின்பண்டம் இருந்தால் கீழே போட்டுவிட வேண்டும். பெரும்பாலான நாய்கள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். போன பிறகும் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் மெல்ல நகர வேண்டும். சைக்கிளில் போனால் இறங்கி, நாய்க்கும் தனக்கும் நடுவில் சைக்கிளை வைத்து உருட்ட வேண்டும்.

நாய் கீழே தள்ளிவிட்டால், முழங்காலை மடக்கிக் குப்புறச் சுருண்டு, விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்து, முழங்கைகளால் காதுகளை மூட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முகமும் கழுத்தும் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் இதைக் கட்டாயம் பழக்குங்கள்.

வால் ஆடினாலே பாசம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். உடம்பு விறைத்து, வால் மேலே நின்று வெடுக்வெடுக்கென ஆடினால், கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தால், விலகிப்போக வேண்டும். உறுமும்வரை காத்திருக்கக் கூடாது. தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகவே வேண்டாம். நிறுத்தியிருக்கும் வண்டிக்கு அடியிலும் பாலத்துக்கு அடியிலும் குட்டி போட்டிருக்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போனால் ஆட்டுக்கிடை நாயையும் தோட்டத்தில் கட்டியிருக்கும் கோம்பை, ராஜபாளையம் நாய்களையும் தொடக் கூடாது. காவலுக்கென்றே வளர்ப்பவை அவை.

எல்லாவற்றையும்விட முக்கியம்: கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும் உடனே வந்து சொல்ல வேண்டும். அடி விழும் என்ற பயத்தில் பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். "சொன்னா திட்டவே மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள், அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள். வெறிநோய் (ரேபிஸ்) அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வைக்க முடியாது. அதற்கு முன்பு முழுமையாகத் தடுக்கலாம்.

கடித்தாலோ கீறினாலோ, குழாயைத் திறந்து, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். நேராக மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) தேவை, அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு நாய், குட்டிநாய் என்று விட்டுவிடாதீர்கள்.

நாய்க்கடி ஊசியைத் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள் (அதை 0 என்று எண்ண வேண்டும்), பிறகு 3, 7, 28ஆம் நாட்கள் என நான்கு தடவை. காயம் ஆறிவிட்டதே என்று கடைசி ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 28ஆம் நாளை வீட்டுக் காலண்டரில் அன்றைக்கே வட்டமிட்டு வையுங்கள்.