அபராதம் ஆயிரம்தான், பிரீமியத்தை ஏற்றியது பம்பர்

கேள்வி: வணக்கம் ஐயா. வேளச்சேரியில் வசிக்கிறேன், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். காலை ஷிப்ட் என்பதால் விடியும் முன்பே 100 அடி சாலையில் காரில் போய்விடுவேன். இந்த ஆண்டில் மட்டும் அதிவேகத்துக்காக மூன்று இ-சலான் வந்துவிட்டது. இரண்டைக் கட்டிவிட்டேன். மூன்றாவது, என் மகன் ஓட்டியபோது விழுந்தது, இன்னும் கட்டவில்லை. இப்போது கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நேரம். போன ஆண்டு 15,034 ரூபாய் கட்டினேன், இந்த ஆண்டு 20,551 கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், "சலான் விழுந்தால் இன்சூரன்ஸ் ஏறத்தான் செய்யும்" என்கிறார். ஏஜென்டோ, "தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், நாலாயிரத்தில் முடிந்துவிடும், இல்லையென்றால் வேறு கம்பெனியில் க்ளெய்மே இல்லை என்று காட்டிக் குறைத்துத் தருகிறேன்" என்கிறார். (போன ஆண்டு அடுக்குமாடி வளாகத்தின் தூணில் இடித்து, பம்பர் மாற்ற 8,500 ரூபாய் பில்லுக்கு க்ளெய்ம் செய்தேன்.) கார் ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கியது, 1,197 சிசி. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே ஒரு வரி, விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. மூன்று சலானுக்கும் உங்கள் பிரீமியத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விலையை ஏற்றியது அந்தப் பம்பர்.

மைத்துனர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே காப்பீட்டு நிறுவனம் ஓட்டுநரின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்து விலை வைக்கிறது. நம் ஊரில் பாலிசி வண்டியைப் பார்த்துப் போடப்படுகிறது: வண்டியின் மதிப்பு, வயது, இன்ஜின் அளவு, பதிவான ஊர், முந்தைய க்ளெய்ம். அதனால்தான் உரிமம் உள்ள உங்கள் மகன் ஓட்டினாலும் அதே பாலிசி செல்லுகிறது. போக்குவரத்து விதிமீறலுக்குத் தனிப் பிரீமியம் வசூலிக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த குழு 2021இல் யோசனை சொன்னது. குடித்துவிட்டு ஓட்டினால் இத்தனை புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் இத்தனை புள்ளி என்று பட்டியல்கூடப் போட்டார்கள். அந்தப் புள்ளிக் கணக்கு உங்களுக்கு வந்த புதுப்பித்தல் நோட்டீஸில் எங்கும் இல்லை.

இனி நோட்டீஸைப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய இரண்டு ஆண்டு விவரங்களையும் முழு எண்களாக்கிச் சொல்கிறேன். தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கான பிரீமியம் 3,416 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 2022 ஜூன் 1 முதல் அரசு வைத்த கட்டணம் இது. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இதில் பேரம் கிடையாது. ஜீரோ டெப் (க்ளெய்மில் தேய்மானம் கழிக்காத கவர்), இன்ஜின் பாதுகாப்பு முதலிய கூடுதல் கவர்களுக்கு 3,000. இந்த இரண்டும் போன ஆண்டு இருந்தபடியேதான் இருக்கின்றன. மாறியது ஓன் டேமேஜ், அதாவது உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதி. போன ஆண்டு அதன் அடிப்படைத் தொகை 11,500. நான்கு ஆண்டுகள் க்ளெய்ம் இல்லாததால் 45 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் போக 6,325 கட்டினீர்கள். இந்த ஆண்டு கார் பழசானதால் அடிப்படை 11,000 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் பம்பருக்கு க்ளெய்ம் செய்ததால் போனஸ் பூஜ்யம். முழு 11,000த்தையும் கட்ட வேண்டும். மூன்றையும் கூட்டி 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 20,551 வருகிறது. (2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டியை எடுத்தார்கள், கார் காப்பீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.)

பம்பரை உங்கள் கைக்காசில் மாற்றியிருந்தால் இந்த ஆண்டு போனஸ் 50 சதவீதத்தைத் தொட்டிருக்கும். கட்ட வேண்டிய தொகை 14,061. அதாவது இந்த ஒரே ஆண்டில் 6,490 ரூபாய் வித்தியாசம். இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. போனஸ் 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாக ஏறும். நீங்கள் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அடுத்த ஆண்டு 50க்குப் பதில் 20, அதற்கடுத்து 25 என்று ஐம்பதை எட்டும்வரை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பீர்கள். அடிப்படைத் தொகை ஆண்டுக்கு 500 ரூபாய் குறையும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: மொத்த இழப்பு, ஜிஎஸ்டி சேர்த்து, 15,000 ரூபாயைத் தாண்டுகிறது. பம்பருக்கு உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு? 8,500இல் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 7,500. ஏழாயிரத்து ஐந்நூறை வாங்கிக்கொண்டு பதினைந்தாயிரத்தை விட்டிருக்கிறீர்கள். ஒர்க்‌ஷாப்பில் "சார், இன்சூரன்ஸ் இருக்கிறதே, எதற்குக் கையிலிருந்து போடுகிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியில் அவர்களுக்கு லாபம் உண்டு, உங்களுக்கு இல்லை.

ஆகவே இனி ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்குக்கு, பில் 15,000 ரூபாய்க்குள் இருந்தால் க்ளெய்ம் பக்கம் போகவே வேண்டாம். போனஸ் கீழ்ப்படியில் இருக்கும் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு இந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்தலாம். இழப்பதற்குக் கையில் அதிகம் இல்லை. மாதம் 500 ரூபாயை ஒரு ஆர்டி கணக்கில் போட்டு வந்தால் கீறல், பம்பர், பக்கக் கண்ணாடி எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். போனஸைக் காக்கும் கவர் என்று ஒன்றை விற்பார்கள். உங்களிடம் காப்பதற்கு இப்போது போனஸே இல்லை. 45, 50 சதவீதம் வந்தபிறகு யோசிக்கலாம்.

ஏஜென்டின் இரண்டு யோசனைகளுக்கு வருவோம். க்ளெய்ம் இல்லை என்று காட்டுவது பொய்யான அறிவிப்பு. நிறுவனங்கள் பழைய நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்கின்றன. புதுப்பிக்கும்போது தப்பிவிட்டாலும், நாளை பெரிய விபத்து நடந்து நீங்கள் லட்சக்கணக்கில் கேட்கும் நாளில் அந்தப் பொய்தான் முதலில் மேசைக்கு வரும். ஓன் டேமேஜ் க்ளெய்மை மறுக்கவோ குறைக்கவோ அது போதும். ஏஜென்டுக்குக் கமிஷன் வந்து சேர்ந்திருக்கும், படிவத்தில் கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கும். இப்படிச் சொல்கிற ஏஜென்டை மாற்றுவது நல்லது என்பது என் கருத்து.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்பது வேறு ஊரில், பத்து ஆண்டு தாண்டிய காருக்குச் சொல்லலாம். வேளச்சேரிக்காரரிடம் சொல்ல ஏஜென்டுக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. 2015 வெள்ளத்தை விடுங்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் தண்ணீர் நின்ற உயரம் உங்களுக்கே நினைவிருக்கும். மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுவது சும்மா இல்லை. தேர்ட் பார்ட்டி பாலிசி நீங்கள் அடுத்தவருக்குச் செய்த சேதத்துக்கு மட்டும்; உங்கள் கார் மூழ்கினால் ஒரு ரூபாய்கூட வராது. உங்களுக்கு முழுக் காப்பீடும் வேண்டும், இன்ஜின் பாதுகாப்புக் கவரும் வேண்டும். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வரும் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. கவர் இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

குறைக்க வேறு இடம் இருக்கிறது. முதலில், நான்கைந்து நிறுவனங்களில் இதே ஐடிவிக்கு (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு), இதே கவர்களுக்கு விலை கேளுங்கள்; ஓன் டேமேஜ் பகுதியில் நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும், ஓரிரண்டாயிரம் குறைந்தாலும் லாபம்தானே. ஐடிவியைக் குறைத்துக் காட்டி விலையை இறக்கும் தந்திரத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். கார் திருட்டுப் போனால் கைக்கு வருவது அந்தத் தொகைதான். அடுத்து, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. உங்கள் இருசக்கர வாகனப் பாலிசியிலோ தனியாகவோ அது ஏற்கெனவே இருந்தால் காருக்கு மறுபடி வாங்க வேண்டியதில்லை. ஓட்டும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்று 2022 முதல் வந்திருக்கும் திட்டங்கள், தினமும் வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் போய்வரும் உங்களுக்கு ஒத்துவராது; வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவர்களுக்கானவை அவை.

இனி சலான். பிரீமியத்தோடு தொடர்பு இல்லை என்றேன், அதனால் அலட்சியப்படுத்தலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அபராதம் சின்னத் தொகைதான்: கார்களின் அதிவேகத்துக்குச் சட்டத்தில் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாவது முறையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தையே எடுத்துக்கொண்டு தகுதி நீக்க நடவடிக்கைக்கு அனுப்ப இடமிருக்கிறது. முதல் தகுதி நீக்கம் 3 மாதம். அந்த மூன்று மாதத்தில் வண்டியை எடுத்து எங்காவது இடித்தால், செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று சொல்லி நிறுவனம் உங்கள் கார் சேதத்துக்கான க்ளெய்மை மறுக்கலாம். எதிராளிக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உங்களிடமிருந்து வசூலிக்க வழக்குப் போடலாம். சலானிலிருந்து இன்சூரன்ஸுக்குப் போகும் உண்மையான வழி இதுதான். உங்கள் பெயரில் இரண்டு விழுந்துவிட்டன என்பதை மறக்காதீர்கள்.

மகன் ஓட்டியபோது விழுந்த மூன்றாவதைப் பற்றி. சலான் வண்டியின் பதிவு எண்ணுக்கு வருவதால் உரிமையாளராகிய உங்கள் கதவைத்தான் தட்டும். ஓட்டியது யார் என்று காவல்துறை கேட்டால் சொல்ல வேண்டிய கடமையும் உரிமையாளருக்கு உண்டு. தவறு நடந்தது உண்மையென்றால் கட்டிவிடுங்கள். கிடப்பில் போட்டால் நீதிமன்றத்துக்குப் போகும், பிறகு காரை விற்கும்போது பெயர் மாற்றத்தில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் வண்டி அங்கே போகவே இல்லை, அல்லது படத்தில் இருப்பது உங்கள் கார் அல்ல என்றால் எதிர்த்து முறையிடுங்கள். ஒரு சாட்சியின் கண் மதிப்பீட்டை மட்டும் வைத்து அதிவேகத்துக்குத் தண்டிக்க முடியாது, கருவியின் அளவீடு வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவே சொல்கிறது. கேமரா சலானில் அளவீடு இருக்கும் என்பதால் அந்த வாதம் உங்களுக்கு அதிகம் உதவாது.

பணம் கட்டுவதை மத்திய அரசின் பரிவாகன் தளத்தில், நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்குச் சலான்" என்று வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) தொட்டுவிடாதீர்கள். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து வங்கிக் கணக்கையே காலி செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

சென்னையில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு வேக வரம்பு 60 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் 30. காலி ரோட்டில் அறுபது ஊர்வதுபோலத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் வரை சிக்னல்களுக்கு நடுவே எண்பதில் பறந்தாலும் சில நிமிடங்கள்தான் மிச்சம். பத்து நிமிடம் முன்னால் கிளம்புவது மலிவு. பணக் கணக்குக்கு அப்பால் ஒன்று: தன்னுடைய அதிவேகத்தாலும் கவனக்குறைவாலும் உயிரிழந்த ஒருவரின் குடும்பம் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்ட வழக்கில், கொடுக்க வேண்டியதில்லை என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்களுக்கும் மகனுக்கும் போதுமான டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் கார் பாலிசியில் மிச்சம் பிடிக்கும் முன்னால் அதை எடுங்கள்.

பாலிசி முடியும் தேதிக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். ஒரு நாள் விட்டாலும் காப்பீடு இல்லாமல் ஓட்டியதாகிவிடும். அதற்கு முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், வண்டியை ஆய்வு செய்யாமல் நிறுவனமும் பெரும்பாலும் புதுப்பித்துத் தராது. 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸும் போய்விடும். உங்களிடம் இப்போது போனஸ் இல்லை என்றாலும், அடுத்த ஆண்டு கிடைக்கப்போகும் 20 சதவீதத்துக்கான கணக்கு இந்தப் புதுப்பித்தலிலிருந்துதான் தொடங்குகிறது.