சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. வெப்மின்னில் சிஸ்டம் லாக் பார்ப்பது எப்படி? பெரிய லாக் ஃபைல்களை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரையாவது.

கேள்வியைப் பார்த்ததும் உங்கள் நிலைமை கண்முன் வந்துவிட்டது. ஒரே ஒரு சர்வர், அதிலேயே மெயிலும் இன்னும் நாலு சமாச்சாரமும் ஓடும். உங்களுக்கு முன்னால் இருந்தவர் வெப்மின்னை (ப்ரவுசரிலிருந்தே சர்வரை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) போட்டுக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். காலையில் மெயில் நின்றிருக்கும். யாராவது உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று "எப்பங்க சரியாகும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் யூகம் தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

2017. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. நான் இ.டி.பி., அதாவது கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட். டிபார்ட்மென்ட் என்றால் நான் ஒருத்தன்தான். உபுண்டு 16.04, 80 ஜிபி டிஸ்க், பார்ட்டிஷன் பிரிக்காமல் மெயில், லாக் (நடப்பதையெல்லாம் சர்வர் எழுதி வைக்கும் பதிவு) எல்லாம் ஒரே குடித்தனம். ஒரு மெர்ச்சண்டைசருக்கு அவுட்லுக் அடிக்கடி பாஸ்வேர்டு கேட்கிறது என்று மெயில்பாக்ஸைக் கவனிக்கும் டவ்காட்டில் டீபக்கை (ஒவ்வொரு அசைவையும் லாக்கில் எழுத வைப்பது) ஆன் செய்தேன். காரணம் கிடைத்தது, சரிசெய்தேன், டீபக்கை ஆஃப் செய்ய மறந்தேன். முழுத் தப்பும் என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமெண்ட்டில் வந்து யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

எண்பது பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஒரு போன். ஐந்தே நாளில் 'மெயில் டாட் லாக்' 18 ஜிபி. போதாததற்கு, உபுண்டு அதே மெயில் வரிகளை 'சிஸ்லாக்' ஃபைலிலும் இன்னொரு தரம் எழுதும். ஷிப்மென்ட் நாளன்று காலை பத்தரைக்கு டிஸ்க் 100 சதவீதம்.

வெப்மின்னில் கமாண்ட் ஷெல் என்று ஒரு மாட்யூல் உண்டு. அதைத் திறந்து 'மெயில் டாட் லாக்'கை அழிக்க ஆர்.எம். கமாண்ட் போட்டேன். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டி.எஃப். பார்த்தால் அதே 100. பதற்றத்தில், சுருக்கி வைத்திருந்த பழைய நாலு வாரத்து மெயில் லாக்குகளையும் போட்டுத் தள்ளினேன். சில எம்பி. பிறகு 'சிஸ்லாக்'. அப்போதும் அதே 100. பின்னால் ஜி.எம். நிற்கிறார். ரீபூட் கொடுத்தேன். திரும்பி வந்தபோது 73. மெயில் ஓடியது. அன்றைக்கு எனக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

அழித்தும் இடம் ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். லினக்ஸில் ஆர்.எம். என்பது பெயரை மட்டும்தான் நீக்கும். அந்த ஃபைலை, லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருப்பது டிஸ்க்கிலேயேதான் கிடக்கும். அதனால்தான் ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ ஒரு கணக்குச் சொல்லும், டி.எஃப். வேறு கணக்குச் சொல்லும். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்.எஸ்.ஓ.எஃப். என்று கேட்டால் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் 'டெலிட்டட்' என்று காட்டும்.

ஒன்பதாம் நாள் வெளிநாட்டு பையரிடமிருந்து போன். "பேங்க் அக்கவுன்ட்டை மாற்றிவிட்டதாக உங்கள் அக்கவுன்ட்ஸிலிருந்து மெயில் வந்திருக்கிறது, நிஜமா?" நல்லவேளை, பணம் அனுப்புமுன் கேட்டார். எங்கள் அக்கவுன்ட்ஸ் மெயில்பாக்ஸின் பாஸ்வேர்டு யார் கையிலோ போயிருந்தது. லாக்கைத் திறந்தேன். டவ்காட் ஒவ்வொரு லாகினுக்கும் யூசர் பெயரையும், ரிப் என்று போட்டு வெளியாளின் ஐபியையும் எழுதும். ரீபூட்டுக்குப் பிந்தைய ஒன்பது நாளும் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஐபி, விடியற்காலை மூன்று மணிவாக்கில் வந்துபோயிருக்கிறது. ஆனால் எப்போதிருந்து? அதற்கு முந்தைய வரிகள்தான் நான் அழித்தவை. பழைய சிஸ்லாக்குகளை நான் தொடவில்லை, அதிலும் அதே வரிகள் இருந்திருக்கும். ஆனால் அது தினமும் சுழலும் (பழையதை ஒதுக்கிவிட்டுப் புது ஃபைல் தொடங்கும்), ஏழு நாள்தான் வைத்திருக்கும். தானாகவே போய்விட்டிருந்தது. சிஸ்டம் தனியாக வைத்திருக்கும் ஜர்னல் என்ற லாக்காவது இருக்குமா என்றால், அந்த உபுண்டுவில் அது மெமரியில்தான் இருந்தது. ரீபூட்டில் அதுவும் காலி.

ஜி.எம். கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏப்பா, லாக்கை அழிச்சதும் நீ, தெரியலைங்கறதும் நீயா?"

அந்தக் கேள்வியை ஒரு கம்பெனியே உங்களைப் பார்த்துக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கேன்டீனில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. என்னைக் காப்பாற்றியது, கூத்தைப் பாருங்கள், இன்னொரு லாக். வெப்மின்னுக்குள் 'வெப்மின் ஆக்‌ஷன்ஸ் லாக்' என்று ஒன்று இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. எந்த யூசர், எந்த மாட்யூலில், எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்று எழுதி வைக்கும். நான் அடித்த மூன்று ஆர்.எம்.மும் வரிசையாக, நேரத்தோடு, டிஸ்க் நிரம்பிய அன்றைய தேதியில் இருந்தது. பையர் போன் செய்ததற்கு ஒன்பது நாள் முன்னால். எதையும் மறைக்க நான் அழிக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. டிஸ்க் நிரம்பியபோது அது மட்டும் எப்படி எழுதியது என்று கேட்பீர்கள். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ரூட்டுக்கென்று (முழு அதிகாரமுள்ள யூசர்) 5 சதவீதம் ஒதுக்கியிருக்கும். வெப்மின் ரூட்டாக ஓடுகிறது. உபுண்டுவில் ஆர்சிஸ்லாக் ரூட்டாக ஓடாது, அது முட்டி நின்றுவிட்டது.

பிறகு சேலத்து அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. "ரீபூட் பண்ணாம இருந்திருந்தா அந்த 18 ஜிபியை எடுத்திருக்கலாம் தம்பி." ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) திறந்து வைத்திருக்கும் ஃபைல், 'ப்ராக்' டைரக்டரிக்குள் அந்தப் ப்ராசஸ் எண், அதற்குள் எஃப்.டி. என்று போனால் அப்படியே இருக்குமாம். வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்ய வேண்டியதுதான். எனக்குத் தெரியவில்லை. கூகுளில் முதலில் வந்த கமாண்டைக் காப்பி அடித்துப் பேஸ்ட் செய்தவன் நான். அதனால்தான் இங்கே எதையும் பேஸ்ட் செய்யும்படி எழுதவில்லை. தேடி, மேனுவலைப் படித்து, நீங்களே டைப் செய்யுங்கள்.

சரி, உங்கள் கேள்வி. இடதுபக்க மெனுவில் 'சிஸ்டம்', அதற்குள் 'சிஸ்டம் லாக்ஸ்'. எந்த வகைச் செய்தி எந்த ஃபைலுக்குப் போகிறது என்று பட்டியல் வரும். 'வியூ' அழுத்தினால் கடைசி சில வரிகள். மேலே எத்தனை வரி, எந்தச் சொல் உள்ள வரி மட்டும் என்று கொடுக்கலாம். புதிய பதிப்புகளில் பார்ப்பதற்குத் தனியாக ஒரு வியூவர் இருக்கிறது, ஜர்னலும் அதிலேயே வரும். 18 ஜிபி ஃபைலை டவுன்லோட் செய்து நோட்பேடில் திறக்கப் போகாதீர்கள் (செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்). லாகின் தகராறு என்றால் உபுண்டுவில் 'ஆத் டாட் லாக்', ரெட்ஹேட் வகையில் 'செக்யூர்'.

இடம் வேண்டுமென்றால் முதலில் எது வளர்கிறது என்று டியூவில் பாருங்கள். வளர வைப்பதை நிறுத்துங்கள், அநேகமாக டீபக்தான். ஃபைலைச் சுருக்கி வேறு மெஷினுக்கு அனுப்பிவிட்டு, ட்ரங்கேட் என்ற கமாண்டைக் கொண்டு அளவைப் பூஜ்யமாக்குங்கள். ஃபைல் அங்கேயே இருக்கும், இடம் உடனே கிடைக்கும், எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஜர்னல் பெருத்திருந்தால் அதற்கு வேக்யூம் என்று தனி வழி உண்டு.

'லாக் ஃபைல் ரொட்டேஷன்' மாட்யூலில் கவனம். 'ரொட்டேட் 180' என்றால் 180 நாள் இல்லை, 180 தடவை. தினமும் சுழன்றால்தான் இரண்டும் ஒன்று. 'மேக்ஸ்சைஸ்' (அளவு வரம்பு) போட்டு, ஃபைல்களைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டை மணிக்கொரு தரம் ஓடவிட்டால் பெருத்த ஃபைல் ஒரே நாளில் பலமுறை சுழலும், பழையது சீக்கிரம் விழும். தினம் ஒருதரமே ஓடுகிறதென்றால், நடுவில் டிஸ்க் நிரம்புவதை 'மேக்ஸ்சைஸ்' தடுக்காது. 180 என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. 2017-இல் அது இருந்திருந்தால் என் கதை ஜி.எம். கேட்ட கேள்வியோடு முடிந்திருக்காது.

கமாண்ட் லைன் சிங்கங்கள் வெப்மின்னைக் கிண்டல் செய்வார்கள், தெரியும். அது ஓடும் 10000 போர்ட்டை வெளியே திறந்து வைக்காதே என்பார்கள். அது மட்டும் நியாயம். 2019-இல் வெப்மின் டவுன்லோடிலேயே பின்கதவு புகுந்திருந்தது தெரியவந்தது, வி.பி.என்.-க்குள் வையுங்கள். லாக்குகளை ஒரே இடத்தில் சேர்க்கும் கிராஃபானா லோக்கி போடு என்பவர்களுக்கு: டோனர் மாற்றுவது, யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எம்.டி. பையனின் போனுக்கு வாட்ஸ்அப் பேக்கப் எடுப்பது, தீபாவளியன்று கேமரா ரெக்கார்டரைப் பார்க்க வரச்சொல்வது, இதெல்லாம் போக மீதி நேரத்தில் போடுகிறேன். லாக்குக்கென்று ஒரு 2 டிபி டிஸ்க் கேட்டு மூன்று தரம் இன்டென்ட் போட்டேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்கள். அந்த வருஷம் இன்க்ரிமென்ட்டும் அடுத்த மாசத்துக்குப் போனது. டிஸ்க் வந்தது, நான் ரிசைன் செய்த மூன்றாம் வாரம். எனக்குப் பின் வந்த பையன் போன் செய்து கேட்டான்: "அண்ணா, டிஸ்க்கை எங்க மவுன்ட் பண்றதுங்க?"