அப்டேட் ஆச்சு, பயாஸில் இருந்தது காணோம்: கேள்வி பதில்

கோவையில் லேப்டாப் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பயாஸ் என்பது லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள். அதன் அப்டேட்டுக்குப் பிறகு எது காணாமல் போனாலும் எழுதிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. “காணோம்” என்பதில் மூன்று வகை உண்டு. நீங்கள் மாற்றி வைத்தது டீஃபால்ட்டுக்குத் திரும்பியிருக்கலாம். மெனு மறைந்திருக்கலாம். அல்லது தயாரித்த கம்பெனியே அதை எடுத்திருக்கலாம். முதல் இரண்டையும் மீட்டுவிடலாம், மூன்றாவது வராது. உங்களுடையது எந்த வகை என்று தெரியும்வரை, யார் சொன்னாலும் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சம்மதிக்காதீர்கள்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: அண்ணா, ஆண்ட்ராய்டு எமுலேட்டர் நேத்து வரைக்கும் ஓடுச்சுங்க. இன்னைக்கு விர்ச்சுவலைசேஷன் ஆஃப்ல இருக்குன்னு வருது. நான் பயாஸ் பக்கமே போகலைங்க.

நீங்கள் போகவில்லை அம்மணி, விண்டோஸ் போயிருக்கும். இப்போது பயாஸ் அப்டேட்டும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது கம்பெனி லோகோவுக்குக் கீழே ஒரு கோடு மெதுவாக நகர்ந்திருக்கும், அதுதான். ஸ்டார்ட்டில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்தால் பயாஸ் பதிப்பும் தேதியும் தெரியும். தேதி புதிதாக இருந்தால் அப்டேட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் ‘இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டி என்றால் ‘எஸ்விஎம் மோட்’ என்று தேடுங்கள். சில மாடலில் அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும், சிலதில் கான்ஃபிகரேஷன் அல்லது செக்யூரிட்டி பக்கத்தில் ஒளிந்திருக்கும். எனேபிள் செய்து எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்தால் ஆனதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கரூர்: பயாஸுக்குள்ளயே போக முடியலைங்க. பழைய கீ வேலை செய்யலை.

டெல், ஏசர், ஏசுஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்2. ஹெச்பியில் எஃப்10. லெனோவோவில் ஐடியாபேட் என்றால் எஃப்2, திங்க்பேட் என்றால் எஃப்1. ஃபாஸ்ட் பூட் ஆன் ஆகியிருந்தால் கீ அழுத்த நேரமே கிடைக்காது. அப்போது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் நேராக உள்ளே விடும். அந்தக் கடைசிக் கட்டமே அங்கே இல்லையென்றால் உங்கள் விண்டோஸ் பழைய லெகசி முறையில் போட்டதாக இருக்கலாம். அப்படியானால் கீ ஒன்றுதான் வழி.

ஈரோடு, மஞ்சள் மண்டி கணக்கர்: சார், நீலத் திரையில 48 இலக்க ரெகவரி கீ கேக்குது. நாங்க எந்தப் பூட்டும் போடலை. மூணு வருஷக் கணக்கு உள்ள இருக்குதுங்க.

பதற வேண்டாம், கணக்கு அப்படியே இருக்கிறது. இது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடாமலே பூட்டு விழுந்திருக்கும். 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டின் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் பயாஸ் பழையபடியே இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் சாவி வெளியே வரும். பயாஸ் மாறியதால் அது இப்போது உங்களை அடையாளம் கேட்கிறது.

திரையில் கீ ஐடி என்று ஒன்று இருக்கும், அதன் முதல் 8 எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லேப்டாப் வாங்கிய நாளில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, அதில் செல்போனிலிருந்து நுழைந்து பாருங்கள். பிட்லாக்கர் கீ பட்டியல் வரும். ஐடி பொருந்தும் வரிசையில் 48 இலக்கமும் இருக்கும். மண்டிகளில் முதலாளி வீட்டுப் பையனோ, கடையில் இன்ஸ்டால் செய்து கொடுத்தவரோ தன் மெயிலைப் போட்டிருப்பது சகஜம். அவர்களையும் கேளுங்கள்.

கீ கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. போன மாதம் ஒருவர் இதே போல ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். நான் கீயைத் தேடுவதற்கு முன் பயாஸைத் திறந்து பார்த்தேன். ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட், அப்டேட்டில் டிசேபிள் ஆகியிருந்தது. எனேபிள் செய்து சேமித்தேன், கேள்வியே கேட்காமல் விண்டோஸ் திறந்தது. நிலைமை பழையபடி ஆனதும் டிபிஎம் சாவியைக் கொடுத்துவிட்டது. அங்கேயே கீயை பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: பயாஸில் ‘க்ளியர் டிபிஎம்’ என்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். தொட்டால் இந்தக் கடைசி வாய்ப்பும் போய்விடும். கீ இல்லாமல் உடைத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

திருப்பூர், பேட்டர்ன் மாஸ்டர்: அப்டேட் ஆனதும் நீலத் திரையில ‘இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்’னு வந்து வந்து ரீஸ்டார்ட் ஆகுது. எஸ்எஸ்டி போயிருச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. எக்ஸ்போர்ட் ஆர்டர் பேட்டர்ன் எல்லாம் அதுலதான்.

மாற்றாதீர்கள். பயாஸின் தகவல் பக்கத்தில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது சாகவில்லை. இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டியிடம் பேச இரண்டு வழி இருக்கிறது. ஒன்று விஎம்டி, பழைய மாடலில் அதை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்பார்கள். இன்னொன்று ஏஹெச்சிஐ. விண்டோஸை எந்த வழியில் போட்டோமோ அந்த வழிக்கான டிரைவரைத்தான் பூட் ஆகும்போது அது எழுப்பும். அப்டேட் வழியை மாற்றிவிட்டால் எஸ்எஸ்டி எதிரிலேயே இருந்தும் விண்டோஸுக்குத் தெரியாது.

ஸ்டோரேஜ் அல்லது சாட்டா மோட் என்ற இடத்தில் இப்போது இருப்பதைப் படம் எடுத்துவிட்டு, மற்றதற்கு மாற்றிச் சேமியுங்கள். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கூடவே வேறு எதையும் தொட வேண்டாம். ஏசர் லேப்டாப்பில் அந்த வரியே கண்ணுக்குத் தெரியாது. மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் பல மாடலில் அது வெளியே வரும். இதைத் தெரியாமல் எத்தனையோ நல்ல எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்திருக்கிறார்கள், எனக்கு அதில் தீராத வருத்தம்.

கோவை, பீளமேடு: பிராசசர் சூடு குறைய வோல்டேஜைக் குறைச்சு வெச்சிருந்தேன். அப்டேட்டுக்கு அப்புறம் அந்த ஆப்ஷனே இல்லை. பழைய பயாஸ் போடலாமா?

இது மூன்றாம் வகை, தம்பி. அந்த வோல்டேஜ் வசதி வழியாகவே இன்டெல் பிராசசரின் ரகசியப் பகுதியில் பிழை உண்டாக்கி உள்ளிருப்பதைத் திருடலாம் என்று 2019 டிசம்பரில் வெளியானது. பிளண்டர்வோல்ட் என்று பெயர். அதை அடைக்கத்தான் பயாஸ் அப்டேட்டில் அந்த வசதியைப் பூட்டினார்கள். பழைய பயாஸுக்குத் திரும்புவதைப் பல மாடல்கள் அனுமதிக்காது. அனுமதித்தாலும் அந்த ஓட்டையைத் திரும்பத் திறப்பதாகும், நான் செய்து தரமாட்டேன்.

சூட்டுக்கு வேறு வழி பாருங்கள். பனியன் கம்பெனியிலிருந்து வரும் லேப்டாப்பின் ஃபேனைக் கழற்றினால், காற்று வெளியேறும் தகடுகளுக்கு முன்னால் பஞ்சு கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் ஒரே பட்டையாக உரிந்து வரும். அதை எடுத்துவிட்டு தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

நாமக்கல்: உபுண்டுவும் விண்டோஸும் வெச்சிருந்தேன். இப்ப உபுண்டு வரவே இல்லைங்க.

உபுண்டு அழியவில்லை. பூட் பட்டியலில் இருந்த அதன் பெயர் மட்டும் போய்விட்டது. பூட் வரிசையில் விண்டோஸ் மேலே ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயரே இல்லையென்றால் ‘ஆட் பூட் ஆப்ஷன்’ கொடுத்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் உபுண்டு ஃபோல்டரில் இருக்கும் ஷிம்எக்ஸ்64 கோப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: சீமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழைய செட்டிங் வந்துவிடும் என்கிறான் பையன். உண்மையா?

இல்லைங்க ஐயா. அந்த வட்ட பேட்டரியைக் கழற்றினால் செட்டிங் அழியுமே தவிரத் திரும்பி வராது. புது லேப்டாப்களில் பெரும்பாலான செட்டிங் ஃப்ளாஷ் சிப்பிலேயே இருக்கிறது, பலவற்றில் அந்த பேட்டரியே கிடையாது. ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் மாறிப் போனால் மட்டும் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

உடுமலை: இவ்வளவு தொல்லைன்னா அப்டேட்டே போடாம இருந்தா என்னங்க?

அது சரியாக வராது. செக்யூர் பூட்டுக்கான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குகிறது. 2023-இல் வந்த புதிய சான்றிதழ்கள் உள்ளே போக வேண்டும், சில லேப்டாப்களில் அதற்கு பயாஸ் அப்டேட்டும் தேவைப்படும். போடுங்கள், ஆனால் ஏற்பாட்டோடு போடுங்கள். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள், ஐந்து நிமிட வேலை. பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். அடாப்டர் மாட்டியிருக்கட்டும். பேப்பரில் உங்கள் பகுதிக்கு மின்தடை அறிவித்த நாளில் வேண்டாம்.

திருச்செங்கோடு: அப்டேட் பாதியில கரண்ட் போயிருச்சுங்க, பேட்டரியும் வீக். இப்ப கருப்புத் திரை மட்டும்தான்.

அடாப்டரை மாட்டி அரை மணி நேரம் சும்மா விடுங்கள். சில மாடல் தானே பழைய நகலிலிருந்து மீண்டு வரும். வராவிட்டால், உங்கள் மாடலுக்கான பயாஸ் கோப்பை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, கம்பெனி சொல்லும் பெயரில் ஃபேட்32 பென் டிரைவில் போட்டு மாட்டுங்கள். ஹெச்பியில் விண்டோஸ் கீயும் பியும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்த வேண்டும். டெல்லில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் பிடித்துக்கொண்டே அடாப்டரை மாட்ட வேண்டும்.

அதற்கும் அசையவில்லையென்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். போர்டில் இருக்கும் எட்டுக் கால் சிப்பில் புரோகிராமர் மாட்டிப் புதிதாக எழுதுவார்கள். எழுதுவதற்கு முன் பழைய சிப்பில் இருப்பதை அப்படியே நகல் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் லேப்டாப்பின் சீரியல் எண்ணும், கம்பெனி போட்டுக் கொடுத்த விண்டோஸின் கீயும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த நகலைப் பென் டிரைவில் வாங்கி வந்து வீட்டில் வையுங்கள்.