ரயிலும் அதன் அட்டைப்பெட்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: மாடல் ரயில் எஞ்சின்களையும் கோச்சுகளையும் அவற்றின் ஒரிஜினல் அட்டைப்பெட்டிகளோடு பரணில் ஏற்றி வைக்கலாமா?

ப: வேண்டாம். பகலில் கொதித்து இரவில் ஆறுகிற இடம் அது. அட்டை விரிந்து சுருங்கி, ஒட்டிய மடிப்புகள் தாமாகவே விட்டுப்போகும். தரையை ஒட்டிய தட்டும் வேண்டாம். நாம் புழங்குகிற அறையே போதும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள்ளேயே வையுங்கள். கையால் தொட்டுப் பார்த்து ஈரப்பதத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

கே: என் பழைய எஞ்சினின் பாடியில் விரிசல் விட்டிருக்கிறது. என்ன செய்வது?

ப: எந்தக் கம்பெனி, எந்தக் காலத்தது, தகரமா வார்ப்பா, எதையும் நீங்கள் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நானும் ஊகித்துத்தான் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்பு என்றால் அநேகமாக அது 'ஜிங்க் பெஸ்ட்'. வார்ப்பில் ஈயமோ வெள்ளீயமோ கொஞ்சம் கலந்துவிட்டாலும் உலோகத்துக்குள்ளேயே அரிப்பு ஓடும். பாடி வீங்கும், வளையும், கடைசியில் உதிரும். அந்தக் காலத்து ஹார்ன்பி கம்பெனியின் ஓ கேஜ் (ஒரு தண்டவாள அகல அளவு) சக்கரங்கள் பல இப்படித்தான் போயின. இதைக் குணமாக்க வழியில்லை. ஈரத்தைக் குறைத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். பக்கத்து எஞ்சினுக்குத் தொற்றுமோ என்று பயப்பட வேண்டாம், தொற்றாது. அடுத்த முறை மாடல் விவரத்தோடு எழுதுங்கள்.

கே: பபிள் ஷீட்டில் சுற்றி வைத்திருந்தேன். பாடியில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது. போகுமா?

ப: பெயின்ட்டில் பதிந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. இனிமேல் முதலில் அமிலமில்லாத டிஷ்யூ பேப்பர், அதற்கு மேல்தான் மற்றது எதுவும். மெத்து மெத்தென்ற ஸ்பாஞ்சும் இதே ரகம்தான். இருபது வருஷம் போனால் பிசுபிசுத்து, பொடியாகி, கைப்பிடிக் கம்பிகளின் இடுக்கில் அப்பிக்கொள்ளும். கம்பெனியே வைத்த ஸ்பாஞ்சாக இருந்தாலும் இடையில் ஒரு டிஷ்யூ கொடுங்கள். மாடலை எது தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள், கெடுதல் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது.

கே: அட்டைப்பெட்டியின் மூடி ஓரம் கிழிந்துவிட்டது. டேப் போட்டு ஒட்டிவிட்டேன், வெளியே தெரியவே இல்லை. சரிதானே?

ப: சரியில்லை. தெரியவில்லை என்பது இன்றைய நிலவரம். சாதாரண டேப்பில் இருக்கும் ரப்பர் பசை சில வருஷத்தில் மஞ்சளாகும். பிறகு இளகி அட்டைக்குள் இறங்கும், அந்த இடம் எண்ணெய் பட்ட காகிதம்போல் ஆகிவிடும். கடைசியில் மேலே இருக்கும் பிலிம் மட்டும் காய்ந்து உதிரும், பழுப்புக் கறை அங்கேயே தங்கும். மஞ்சளாகாத அக்ரிலிக் டேப் இருக்கிறதே என்பீர்கள். அதைப் பிய்க்கும்போது அச்சிட்ட மேல்தோல் கூடவே உரிந்து வருகிறது. மூடியின் பக்கவாட்டில் மாடல் நம்பர் அச்சாகியிருக்குமே, கிழிவது பெரும்பாலும் அங்கேதான், டேப் போடுவதும் அங்கேதான். நம்பரில் முதல் இரண்டு எழுத்து அட்டையிலும் மீதி டேப்பிலுமாக வந்த பெட்டிகளைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். எந்த எஞ்சினுக்கு எந்தப் பெட்டி என்று நிரூபிக்கும் ஒரே இடம் அது. அபூர்வமான சில மாடல்களில் நல்ல காலிப் பெட்டிக்கே பெரிய விலை உண்டு.

கிழிசலை அப்படியே விடுவது உத்தமம். ஒட்டியே ஆகவேண்டுமென்றால் உள்பக்கமாக, மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டி, மேலே கனம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் டேப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, நுனியைப் பின்பக்கமாக மடித்து, அட்டையோடு படுத்தாற்போல் மெதுவாக உரியுங்கள். அச்சு கூட வர ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம், மை கரையும். பார்சல் அனுப்புகிற விற்பனையாளர்களுக்கும் சொல்கிறேன்: டேப் வெளி உறைக்கு மட்டும்தான். ரப்பர் பேண்டும் கூடாது. அது அட்டை விளிம்பை வெட்டும், பிறகு உருகி ஒட்டிக்கொள்ளும்.

கே: ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் எத்தனை பாக்கெட் போடவேண்டும்?

ப: திறந்த அலமாரியில் எத்தனை போட்டாலும் வீண். இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் மட்டும்தான் பலன். நீல ரகம் இளஞ்சிவப்பானால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், ஓவன் அடுப்பில் சுமார் 120 டிகிரியில் காயவைத்து மறுபடி போடலாம். அளவுக்கு மீறிக் காய்ந்தால் அட்டை மொறுமொறுத்து மடிப்பில் உடையும். மறுபடியும் சொல்கிறேன், 40-லிருந்து 50. ஈரப்பதமானி இல்லாமல் ஜெல் போடாதீர்கள்.

கே: பெட்டியின் ஜன்னல் பிளாஸ்டிக் சுருங்கி அட்டையையே வளைக்கிறது. வினிகர் வாடை வேறு.

ப: அது செல்லுலோஸ் அசிட்டேட், சிதைய ஆரம்பித்துவிட்டது. வாடையே அமிலம்தான், ஈயத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். மாடலை இன்றைக்கே வெளியே எடுங்கள். பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

கே: எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அலமாரி செய்யலாமா?

ப: வேண்டாம். அதிலிருந்தும் அமில ஆவி வரும். பவுடர் கோட்டிங் செய்த ஸ்டீல் அலமாரி வாங்குங்கள்.

கே: ஓட்டாமலே வைத்திருந்தால் எஞ்சின் கெடுமா?

ப: கிரீஸ் இறுகும். வருஷத்துக்கு இரண்டு முறை, முன்னும் பின்னுமாகச் சில நிமிஷம் ஓட்டுங்கள். உள்ளே வைக்கும் முன் உபரி எண்ணெயைத் துடையுங்கள், இல்லாவிட்டால் அட்டையில் கறை விழும். பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கே: எத்தனை பெட்டிகளை அடுக்கலாம்? உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டி மேலேயே எழுதி வைக்கலாமா?

ப: எஞ்சின் என்றால் மூன்று போதும், கனமானது அடியில். எழுத வேண்டியதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி, பெட்டி மேல் சும்மா வையுங்கள். அந்தச் சீட்டையும் டேப் போட்டு ஒட்டாதீர்கள்.