பழைய பசியும் இன்றைய ரத்த அழுத்தமும்

கேள்வி: மூன்று வேளை உணவுக்கு வழியில்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். இன்று நல்ல வேலையில் இருக்கிறேன். ஆனால் 42 வயதிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் வந்துவிட்டன. வசதி வந்ததால் வந்த நோய் என்கிறார்கள் உடன் பணிபுரிவோர். பழைய வறுமைக்கு இதில் பங்கு இருக்குமா?

பதில்: இருக்கக்கூடும். மாரடைப்பு வசதி படைத்தவர்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. அதை அசைத்தது பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டேவிட் பார்க்கரும் கிளைவ் ஆஸ்மண்டும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1921 முதல் 1925 வரை கைக்குழந்தைகள் அதிகமாக இறந்த பகுதிகளிலேயே, 1968 முதல் 1978 வரை இதய நோய் மரணங்களும் அதிகமாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். கைக்குழந்தைகள் அதிகமாக இறந்தது அங்கிருந்த வறுமைக்கும் ஊட்டக் குறைவுக்கும் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தாயின் வயிற்றில் ஊட்டம் குறையும்போது, கரு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு சிறுநீரகம், கணையம் போன்ற உறுப்புகளின் வளர்ச்சியில் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள் பிறப்புக்கு முன்பே பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடுவதால், அங்கே ஏற்பட்ட குறையைப் பின்னால் எவ்வளவு உண்டாலும் ஈடு செய்ய முடிவதில்லை. பற்றாக்குறைக்கென்று பழகிய அந்த உடலுக்குப் பிற்காலத்தில் தாராளமான உணவும் கூடிய எடையும் வாய்க்கும்போது, குறைந்த அலகுகளே முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. ரத்த அழுத்தம் உயர்வதற்கு அதுவும் ஒரு வழி. ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. வசதி மட்டும் அல்ல, இல்லாமைக்குப் பின் வந்த வசதிதான் சிக்கல். இதோடு, வாடகைக்கும் அடுத்த வேளைக்கும் அஞ்சியே கழியும் பிள்ளைப் பருவத்தில் கார்டிசால் முதலான மன அழுத்த ஹார்மோன்கள் அடிக்கடி உயர்ந்து, இதயத்தையும் ரத்த நாளங்களையும் மெல்லத் தேய்க்கின்றன.

எனினும் பரம்பரை, உப்பு, புகையிலை, உடல் உழைப்பு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுவே காரணம் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பிறந்தபோது இருந்த எடை தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; சிறுநீரகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வறுமையில் வளர்ந்தவர்கள் வேலையில் முன்னேறாததற்கு முயற்சிக் குறைவே காரணம் என்கிறாரே என் சக ஆசிரியர், சரியா?

பதில்: சரியல்ல. சொல்பவருக்கு மனநிம்மதி தருவதைத் தவிர அந்த விளக்கத்துக்கு வேறு வலிமை இல்லை. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை நடந்த சோதனையில், இரண்டு கிராமங்களுக்குப் புரதம் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டுக்குப் புரதமில்லாத இனிப்புப் பானமும் வழங்கப்பட்டன. பிறந்தது முதல் இரண்டு வயது வரை அந்தக் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி பிற்காலத்தில் சராசரியாக 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூன்று வயதுக்குப் பின் கிடைத்தவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. பெண்களின் கூலியிலும் இல்லை. அந்த வயதில் எந்தக் குழந்தையிடம் முயற்சியை எதிர்பார்ப்பது?

உணவு மட்டுமே எல்லாம் என்றும் எண்ண வேண்டாம். ஜமைக்காவில் 1986-87-இல் தொடங்கிய ஆய்வில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் சுகாதாரப் பணியாளர்கள் சென்று, பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பயிற்சி கிடைக்காத வீடுகளின் வளர்ச்சி குன்றிய குழந்தைகளைவிட, பயிற்சி கிடைத்த வீடுகளின் பிள்ளைகள் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வளர்ச்சி குன்றாத பிள்ளைகளின் வருமானத்தையும் எட்டியிருந்தார்கள்.