ஜார்ஜ் இன்: சாசரின் விடுதி இதுதானா?

நண்பரே, லண்டன் பரோ ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள ஜார்ஜ் இன்னில் ஒரு பக்கம் மட்டும் மர மாடம் (முற்றத்தைப் பார்த்த மாடித் தாழ்வாரம்) இருக்கிறதே, 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் வரும் யாத்ரீகர்கள் கிளம்பிய விடுதி இதுதானா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை. அது பக்கத்திலேயே இருந்த டாபர்ட் என்ற விடுதி. 1676 தீவிபத்தில் இரண்டுமே எரிந்துபோயின. திரும்பக் கட்டிய டாபர்டை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள்; அது இருந்த டால்பட் யார்ட் என்ற சந்தில் ஒரு நீல நினைவுப் பலகைதான் மிச்சம்.

இப்போது நீங்கள் பார்த்த ஜார்ஜ் 1677இல் எழுந்தது. அன்று முற்றத்தைச் சுற்றிலும் மாடங்கள். கீழே கோச்சு வண்டிகள், குதிரைகள். ரயில் வந்ததும் வண்டித் தொழில் படுத்துவிட்டது. இடம் கிரேட் நார்தர்ன் ரயில்வே கைக்குப் போக, 1889இல் சரக்குக் கிடங்குக்காக மற்றப் பக்கங்களை இடித்தார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது! தப்பிய தெற்குப் பக்கம் 1937 முதல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம். லண்டனில் மாடத்தோடு எஞ்சிய கோச்சு விடுதி இது ஒன்றுதான்.

அடுத்த முறை உள்ளே பழைய பாரில் தொங்கும் பெரிய சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். 1797இல் கடிகாரங்களுக்கு வரி போட்டபோது, ஊரார் மணி பார்க்க இப்படிப்பட்ட விடுதிக் கடிகாரங்களைத்தான் நம்பினார்கள். மறு வருஷமே வரியை எடுத்துவிட்டார்கள்.